திரும்பக் கடலில இறக்காதேங்கோ

1

என்ர தம்பி சவேரிக்கு ஒவ்வொரு வருசமும் சித்திரை மாசத்தில ஒரு ஞாயிறு, இஞ்ச மொன்றியலில எங்கட தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலில பூசை ஒப்புக்குடுக்கிறனான். இருபத்தாறு வருசமாய் நடக்குது. சாமியார் "கடலில் மரித்த சவேரி" எண்டு வாசிப்பார், சனம் தலையைக் குனியும். பூசை முடிய வாசலில நிண்டு ரெண்டு மூண்டு பேர் என்ர கையைப் பிடிச்சு, அந்தக் காலத்தில எத்தினை பிள்ளையளை நேவியின்ர சூட்டுக்குக் குடுத்தனாங்கள் எண்டு பெருமூச்சு விடுவினம். நானும் சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டிட்டு வீட்டை வந்திடுவன்.

தம்பியை நேவி சுடேல்லை. மன்னாரில இருக்கிற என்ர அக்காவுக்கும் இவ்வளவு காலமும் தெரியாது, என்ர மனுசி றீற்றாவுக்கும் தெரியாது. நேவி எண்டு நான் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. ஆக்கள் தாங்களாய் நினைச்சினம், நான் நினைக்க விட்டிட்டன். அவன் கடலட்டை பிடிக்கப் போன இடத்தில செத்தவன். எப்பிடிச் செத்தவன் எண்டதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பை எழுதக் குந்தினனான்.

இந்த வருசப் பூசைக்கு வழமையா வராத ஒரு ஆளும் வந்தது. வில்பெர்ட் எண்டு, என்னோட வேலை செய்யிறவன். தமிழில ஒரு சொல் விளங்காமல், எங்கட சனத்துக்கு நடுவில எழும்பி இருந்து, முழந்தாளில நிண்டு, முழுப் பூசையும் கண்டான். எனக்கு ஒரு தம்பி கடலில போனவன் எண்டு மட்டும் அவனுக்குத் தெரியும். அவன்ர ஊரில கடலில போனவைக்குப் பூசை எண்டால் ஊரே வருமாம், அதால தானும் வரவேணும் எண்டு நிண்டவன்.

2

வில்பெர்ட்டைப் பற்றிச் சொல்லாமல் மிச்சம் விளங்காது. நான் வேலை செய்யிறது டவுன்டவுனில ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின்ர குசினியில. நாலு வருசத்துக்கு முன்னம் ஒருநாள், எங்கட பெரிய குக் ஒரு பெட்டியைத் திறந்து மேசையில கொட்டினார். கறுப்பாய், கல்லு மாதிரி, விரல் நீளத்தில காய்ஞ்ச சாமான். இதை ஊறவைச்சு எடுக்க ஆருக்குத் தெரியும் எண்டு கேட்டார். மற்றவை முகத்தைச் சுழிச்சினம். நான் கையைத் தூக்கினன். றால் உரிக்கிற மேசையில இருந்து இன்னொரு கையும் எழும்பினது. புதுசாய் வந்திருந்த ஆள். கட்டையாய், எங்கட நிறத்தில, முதலில எங்கட ஆளெண்டே நினைச்சன்.

அது கடலட்டை. ரெண்டு பேரும் ஒரு சட்டியில ஊறப்போட்டம். வயித்தைக் கீறி மண் எடுக்கிறதைப் பார்த்தவுடன எனக்கு விளங்கீட்டுது, இவன் கடையில பழகினவன் இல்லை, கடலில பழகினவன். அவனும் என்ர கையைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

மெக்சிக்கோவில யுக்கத்தான் எண்டொரு பக்கம், அதின்ர வடக்குக் கரையில சின்ன ஊர். ஆள் மாயன். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. நான் பள்ளிக்கூடத்தில படிச்ச புத்தகத்தில மாயன் சனம் எல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சுது. அழிஞ்சு போன ஆள் எனக்குப் பக்கத்தில நிண்டு றால் உரிக்குது. அதைச் சொன்னபோது அவனும் சிரிச்சான். ரூறிஸ்ற்காரரும் இப்பிடித்தானாம், பழைய கல்லுக் கோபுரத்துக்கு முன்னால நிண்டு, இதைக் கட்டின சனம் எங்க போச்சுது எண்டு, அங்க தேங்காய் விக்கிற மாயன் மனுசியிட்டயே கேப்பினமாம்.

நாங்கள் கதைக்கிறது குசினிப் பிரெஞ்சு. கத்தி, சூடு, கெதி, பின்னால வாறன். இதை வச்சுக்கொண்டு ஒரு சிநேகிதம் எவ்வளவு தூரம் போகும் எண்டு கேப்பியள். கையும் போனில இருக்கிற படமும் சேர்ந்தால் நல்லாய்ப் போகும். அவன்ர ஊரை நான் அப்பிடித்தான் அறிஞ்சனான். ஊரின்ர பேரை மட்டும் இதில எழுத மாட்டன். ஏன் எண்டு கீழ வரும்.

எங்கட பிரதேச சபை மாதிரி அவங்களுக்கும் ஒரு சபை இருக்கு. சபை எண்டு பேர்தான் பெரிசு. கடற்கரையை ஒட்டி நாலைஞ்சு தெரு, ஒரு கோயில், ஒரு சபைக் கட்டிடம், அதுக்கு முன்னால பிள்ளையள் பந்து விளையாடுற சீமெந்துத் தரை, பேந்து ரெண்டு பக்கமும் கண்டல் காடு. மூண்டு வருசத்துக்கொருக்கால் தலைவர் மாறுவார். மாறினவுடன சபைக் கட்டிடத்துக்கும் பூங்கா வாங்கிலுக்கும் புதுக் கட்சியின்ர நிறத்தில பெயின்ற் அடிப்பினம். வேற ஒண்டும் மாறாது எண்டு வில்பெர்ட் சொல்லுவான். எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படேல்லை.

ஸ்பானியர் வர முதலே அந்தக் கரையில உப்பு அள்ளினவை. களப்பில விளைஞ்ச உப்பைத் தோணியில ஏத்தி, கரையோரமாய்ச் சுத்திக்கொண்டு தூர இடமெல்லாம் கொண்டுபோய் வித்தவை. பேந்து கடற்கொள்ளைக்காரர் வந்து கரையில சனம் இருக்கேலாமல் போச்சுது. அப்பிடி வந்த ஒருத்தனின்ர சமாதி தங்கட சவக்காலையில கிடக்கெண்டு ஊரில ஒரு கதை. அது மெய்யோ பொய்யோ எண்டு கேட்டால் அவன் கண்ணைச் சிமிட்டுவான். பேந்து கத்தாளை நார்த் தோட்டங்கள். உள்ளூர் மாயன் சனம் முழுக்க முதலாளிமாருக்கு அடிமை மாதிரி நார் உரிச்சினம். நாருக்கு விலை போனபோது, கமம் செய்த சனம் கடலுக்கு வந்தது. வில்பெர்ட்டின்ர தகப்பன் அப்பிடி வந்தவர். சோளம் நட்ட கையால வலை பிடிச்சவர். இண்டைக்கும் ஸ்பானிஷ் அவருக்கு அரைகுறைதான், மாயன் பாசைதான் வாயில வரும்.

கோடை முடியிற காலத்தில எட்டுக்கால் பேய்க்கணவாய் பிடிக்கப் போவினம். சின்ன வள்ளத்தில ரெண்டு பக்கமும் நீள மூங்கில் நீட்டி, கயித்தில நண்டைக் கட்டித் தொங்கவிட்டு, வள்ளத்தைக் காத்தோட விடுவினம். தூண்டில் முள்ளு இல்லை. கணவாய் நண்டைக் கட்டிப் பிடிச்சால் விடாதாம், அதின்ர ஆசையே அதைத் தூக்கிக்கொண்டு வருமாம். திருநாளுக்கு மாதாவை வள்ளத்தில ஏத்திக் கடலில சுத்திக்கொண்டு வருவினம். கடலுக்குள்ள ஒரு இடத்தில நல்ல தண்ணி ஊத்து மேல வரும், ஓடக்காரர் அதில வாய் வச்சுக் குடிப்பினம். களப்பில பூநாரை நிக்கிற படம் ஒண்டு காட்டினான். நான் என்ர போனில மன்னார்ப் பூநாரையைக் காட்டினன். எது எவன்ர ஊர் எண்டு கடை முதலாளி மாறிச் சொல்லிப்போட்டார்.

அட்டை விசயம் கடைசியாய்த்தான் வந்தது. ஒரு காலம் வெளியில இருந்து வியாபாரியள் வந்து இறங்கினாங்கள். ஊர்ப் பெடியள் வலைத்தொழிலை விட்டிட்டு அட்டைக்கு இறங்கினாங்கள். முதுகில கட்டுற காத்துச் சிலிண்டர் இல்லை. வள்ளத்தில ஒரு காத்து மெசின், அதில இருந்து ஒரு நீளக் குழாய், அதை வாயில கடிச்சுக்கொண்டு கீழ. கனபேருக்குக் கை கால் போச்சுது, சிலர் செத்தாங்கள். இப்ப அங்க அட்டைக்குத் தடை. தடை எண்டால் என்ன, களவாய்ப் போறாங்கள். அவன்ர கடைசித் தம்பி காஸ்பரும் போறான். ஊரின்ர பேரை எழுதாததுக்கு அதுதான் காரணம்.

3

மகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேணும். ஜெனிக்கு இருபத்திமூண்டு வயசு. இஞ்சதான் பிறந்தவள். பிரெஞ்சு, இங்கிலிஷ், கொலிஜ்ஜில படிச்ச ஸ்பானிஷ், எல்லாம் தண்ணி மாதிரி. தமிழில மட்டும் "சாப்பிட்டாச்சு, வாறன், போறன், போதும்", அவ்வளவுதான். போன வருசம் பார்க் எக்ஸ்டென்ஷனில எங்கட வீட்டை விட்டிட்டு வில்லரேயில சிநேகிதியோட தனிய இருக்கப் போயிட்டாள். நடந்தே போகலாம், பக்கம்தான். ஆனால் நான் கூப்பிட்டால் மெசேச்சில பதில் வரும், அதுவும் ஒரு கட்டைவிரல் படம். அதைப் பார்த்து நான் எரிஞ்சு விழுவன். அவளோட நீங்கள் என்னத்தைக் கதைச்சனீங்கள், அவள் கதைக்க எண்டு றீற்றா கேப்பாள். 

உண்மைதான். நான் கதைக்கிற ஆள் இல்லை. அகதி விசாரணையில தம்பி எப்பிடிச் செத்தவர் எண்டு கேட்டினம். "கடலில" எண்டன். மொழிபெயர்ப்பாளர் அதைத் திருப்பிச் சொன்னார். கேட்டவர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார். என்ர வழக்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, என்னைப் பிடிச்சு வச்சிருந்த கதை வேற. அதுக்குப் பிறகு எத்தினை படிவம். நிரந்தர வதிவிடம், குடியுரிமை, அக்காவுக்கு விசா. எல்லாத்திலயும் சகோதரங்களின்ர பேர், உயிரோடயோ, இல்லையோ. கனடாப் படிவத்தில ஒரு வசதி, பெட்டி சின்னன். ஒரு சொல்லுக்கு மேல அதுக்குள்ள எழுதேலாது. அந்த ஒரு சொல்லோடயே நான் காலத்தைக் கொண்டுபோயிட்டன்.

4

இனி அண்டைக்கு நடந்தது. பூசை முடிய வில்பெர்ட்டையும் கூட்டிக்கொண்டு வீட்டை வந்தம். தெருவில பழைய பனி ஊத்தையாய்க் கரைஞ்சுகொண்டு கிடந்தது. சித்தப்பாவின்ர பூசை எண்டபடியால் ஜெனியும் வந்திருந்தாள். றீற்றா மீன் குழம்பும் றால் பொரியலும் வச்சிருந்தாள். வில்பெர்ட் கையால சாப்பிட்டான், ஜெனி கரண்டியால சாப்பிட்டாள். நான் அதைப் பார்த்தும் ஒண்டும் சொல்லேல்லை, விருந்தாளி இருக்கிறபடியால்.

பாதிச் சாப்பாட்டில அவன்ர போன் அடிச்சுது. தங்கச்சி. கேக்கக் கேக்க அவன் தட்டைத் தள்ளி வச்சான். என்னைப் பார்த்துக் குசினிப் பிரெஞ்சில மூண்டு சொல் சொன்னான். என்ர தம்பி, கால், இல்லை.

எனக்கு மேல கேக்கத் தேவைப்படேல்லை. என்ர கை சோத்துக்குள்ளயே நிண்டிட்டுது.

மிச்சத்தை ஜெனி ஸ்பானிஷில கேட்டு எனக்குச் சொன்னாள். காஸ்பர் விடியக் களவாய்ப் போய் மூண்டு தரம் இறங்கியிருக்கிறான். கடைசித் தரம் குழாய் மடங்கிக் காத்து நிக்க, ஒரே மூச்சில மேல வந்திட்டான். கரைக்கு வரேக்க முதலில மூட்டெல்லாம் நோ. இப்ப இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லை, மூத்திரம் போகேல்லை. வீட்டில கயித்து ஏணையில கிடத்தியிருக்கினம். பெரியாஸ்பத்திரி ரெண்டு மணித்தியால ஓட்டம். அங்க போனால் எங்க இறங்கினவன், ஆற்ற வள்ளம் எண்டு கேப்பினம், பொலிஸ் வரும். அதால தகப்பனும் இன்னும் ரெண்டு ஓடக்காரரும் வள்ளத்தை ஆயத்தம் பண்ணினமாம். திரும்ப அவனைக் குழாயோட கீழ இறக்கி, மெல்ல மெல்ல மேல கொண்டுவந்தால் சரியாகுமாம்.

எங்கட ஊரில அட்டைக்குப் போற ஆக்களுக்கு இது புதுக் கதை இல்லை. ஆழத்தில இருந்து கெதியாய் மேல வந்தால் ரத்தத்துக்குள்ள காத்து கொப்பளிச்சு ஆளை முடக்கிப்போடும். முடங்கினவனைத் திரும்ப இறக்கினால் நோ நிண்டுபோகும். அதுதான் அதின்ர ஏமாத்து. மேல வரேக்க முதல் இருந்ததைவிட மோசமாய்ப் பிடிக்கும்.

நான் எழும்பிப் போய் அவன்ர போனை மேசையில வச்சு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போடச் சொன்னன். இறக்கவேண்டாம், இப்பவே ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் எண்டு ஜெனியிட்டச் சொன்னன். ஜெனி ஸ்பானிஷில வில்பெர்ட்டுக்குச் சொல்ல, தங்கச்சி போனைத் தகப்பனிட்டக் கொண்டுபோக, அவன் மாயன் பாசையில அவருக்குச் சொன்னான். கிழவர் லேசில மசியேல்லை. கனடாவில இருக்கிற இந்த மனுசனுக்கு எங்கட கடலைப் பற்றி என்ன தெரியும், ஆரையும் கண்ணால கண்டவனோ எண்டு கேட்டாராம். பின்னால இயந்திரத்தை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டுது.

இருபத்தாறு வருசம் கதைக்காத வாய்.  றீற்றா என்னையே பார்த்துக்கொண்டு நிண்டாள். ஏணையில கிடக்கிற பெடியனை நான் கண்டதில்லை, ஆனால் அந்தக் கால் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்.

"ஜெனி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஒண்டையும் மாத்தாத" எண்டன். "எனக்கும் ஒரு தம்பி இருந்தவன். நாங்களும் களவாய் அட்டைக்குப் போனனாங்கள். அவனுக்கும் இப்பிடித்தான் கால் விறைச்சது. நேவி குடுக்கிற பாஸ் இல்லாமல் கடலுக்குப் போனனாங்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடிப்பாங்கள் எண்டு பயந்து, நான்தான் அவனைத் திரும்ப இறக்கினனான். என்ர கையால சிலிண்டரைக் கட்டிவிட்டனான். கீழ நிண்டு, நோ இல்லை எண்டு கையைக் காட்டினவன். மேல வந்து வள்ளத்திலேயே செத்தவன்."

ஜெனி போனை விட்டுத் திரும்பினாள். என்ர முகத்தைப் பார்த்தாள்.

"சித்தப்பாவோ?" எண்டாள்.

"ஓம். சொல்லு பிள்ளை, நேரமில்லை."

அவள் சொன்னாள். இடையில நிப்பாட்டேல்லை. அவளுக்கு விளங்காத தமிழ்ச் சொல் ஒண்டுகூட இருக்கேல்லை எண்டதைப் பேந்துதான் யோசிச்சன். வில்பெர்ட் கேட்டு, ஒருக்கால் என்ர தோளைப் பிடிச்சிட்டு, போனுக்குக் குனிஞ்சு மாயன் பாசையில சொன்னான்.  மற்றப் பக்கம் கோழி ஒண்டு கத்தினது கேட்டுது. பேந்து கிழவர் ஒரேயொரு கேள்வி கேட்டார். அது மாயனில இருந்து ஸ்பானிஷுக்கும், ஸ்பானிஷில இருந்து தமிழுக்கும் வந்து சேர்ந்தது. உன்ர தம்பிக்கு அப்ப எத்தினை வயசு?

"இருபத்தொண்டு" எண்டன்.

அந்த இலக்கம் திரும்பிப் போச்சுது. கிழவர் போனை மகளிட்டக் குடுத்திட்டு, ஆரையோ கூப்பிட்டு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். அதை வில்பெர்ட் சொல்லமுதலே எனக்கு விளங்கினது, ஏனெண்டால் அவன் கதிரையில இருந்து அழத் துவங்கினான். நான் விடேல்லை. நீட்டிக் கிடத்திக் கொண்டுபோகட்டும், ஊர் மருந்தகத்தில ஒட்சிசன் இருந்தால் வழி முழுக்கக் குடுக்கட்டும், எத்தினை தரம் எவ்வளவு ஆழம் போனவன் எண்டதை டொக்டருக்கு மறைக்காமல் சொல்லட்டும், வள்ளத்தைப் பறிச்சால் பறிக்கட்டும் எண்டு ஒண்டொண்டாய்ச் சொல்லச் சொல்ல, ஜெனி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

5

அண்டைக்குப் பின்னேரமே காஸ்பரை அழுத்த அறைக்குள்ள விட்டிட்டினம். ஒரு பெரிய இரும்பு உருளை, அதுக்குள்ள ஆளைப் படுக்கவைச்சு, ஆழத்தில இருக்கிற மாதிரிக் காத்தழுத்தம் குடுத்து, மணிக்கணக்காய் மெல்ல மெல்ல வெளிய எடுப்பினம். நாங்கள் வள்ளத்தில கயித்தை வச்சுக்கொண்டு செய்யப் பார்த்ததை, செய்யவேண்டிய முறையில செய்யிற மெசின். மூண்டு தரம் விட்டவை. மூண்டாம் நாள் கால்விரல் அசைஞ்சது. வள்ளத்தை ஒருத்தரும் பறிக்கேல்லை. டொக்டர் கேட்டது எவ்வளவு ஆழம், எத்தினை தரம், அவ்வளவுதான். இந்தச் செய்தி வரேக்க நான் குசினியில வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டனான். நல்ல வசதியாய்ப் போச்சுது, அழுததை ஒருத்தரும் ஏனெண்டு கேக்கேல்லை.

றீற்றா முதல் நாள் என்னோட கதைக்கேல்லை. ரெண்டாம் நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வச்சிட்டு, ஒவ்வொரு வருசமும் பூசைக்கு முதல் கிழமை ஏன் பேய் பிடிச்ச மாதிரித் திரியிறியள் எண்டு இப்பதான் விளங்குது எண்டாள். இதைத் தனியச் சுமந்துகொண்டு என்ர உயிரையும் வாங்கினனீங்கள் எண்டு ஒரு பேச்சும் விழுந்தது. வாங்கிக்கொண்டன். ஜெனி அண்டைக்கு வில்லரேக்குத் திரும்பிப் போகேல்லை. சவேரி எப்பிடி இருப்பான், என்ன பகிடி விடுவான், ஆரைக் காதலிச்சவன் எண்டு ஒவ்வொண்டாய்க் கேட்டாள். எல்லாம் தமிழில. பிழை பிழையாய்க் கேட்டாள், நான் ஒண்டையும் திருத்தேல்லை. இப்ப கட்டைவிரல் படம் வாறது குறைவு, போன் அடிக்குது.

எனக்கு நிம்மதி. அதைச் சொல்ல வெக்கமாயும் கிடக்கு. தம்பியைச் சாகக் குடுத்தவன் நிம்மதி எண்டு எழுதலாமோ எண்டு ரெண்டு நாள் யோசிச்சனான். எழுதத்தான் வேணும். நான் செய்தது ஒரு நாளும் சரியாகாது. ஆனால் அதைச் சொன்னபடியால் ஒரு பெடியன் ஏணையில இருந்து எழும்பியிருக்கிறான்.

மன்னாரிலயும் யாழ்ப்பாணத்திலயும் இண்டைக்கும் அட்டைக்கு இறங்குறியள். பழைய ஆக்கள் சொல்லுவினம், வள்ளத்துச் சொந்தக்காரர் சம்மாட்டி சொல்லுவார், திரும்ப இறக்கினால் சரிவரும் எண்டு. இறக்காதேங்கோ. ஆளை நேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, கேள்வி கேட்டால் கேக்கட்டும்.

அக்காவுக்குச் சொல்லாமல் இதை வெளியில விடேலாது. போன கிழமை போன் எடுத்துச் சொன்னன். சவேரியின்ர கதையையும் காஸ்பரின்ர கதையையும் முழுக்கக் கேட்டாள். பேந்து அழுதாள், பேந்து பேசினாள். அம்மா கண்ணை மூடும்வரைக்கும் நேவியைத் திட்டிக்கொண்டு கிடந்தவ, உனக்கு ஒருநாள் ஒரு சொல் வரேல்லையோ எண்டு கேட்டாள். போனை வச்சிட்டாள். நான் திரும்ப எடுக்க அவள் எடுக்கேல்லை. ரெண்டு நாள் அப்பிடியே போச்சுது. இனி அவள் என்னோட கதைக்கமாட்டாள் எண்டே நினைச்சன்.

அதுக்கிடையில வில்பெர்ட் ஒரு வீடியோ காட்டினான். அவங்கட இறங்குதுறை. காஸ்பர் பொல்லு ஊண்டிக்கொண்டு ஒரு அடி, இன்னொரு அடி வாறான். தகப்பன் பக்கத்தில, பிடிக்காமல், பிடிக்கிறதுக்குக் கையை மட்டும் நீட்டிக்கொண்டு வாறார். மாயன் பாசையில சுகமோ எண்டு கேக்கிறதுக்கு, உன்ர பாதை எப்பிடி எண்டுதான் கேப்பினமாம். வீடியோவில ஆரோ அதைக் கேக்க, அந்தப் பெடியன் நல்லது எண்டு சொல்லிச் சிரிக்கிறான்.

மூண்டாம் நாள் காலமை நான் வேலைக்குப் போக மெற்றோவில ஏறப்போற நேரம் அக்காவின்ர போன் வந்தது. வணக்கம் இல்லை, சுகம் கேக்கேல்லை. தொண்டையைச் செருமிப்போட்டு ஒண்டே ஒண்டு கேட்டாள்.

"அந்தப் பெடியன் நடக்கிறானோ?"

"ஓம் அக்கா. நடக்கிறான்."